விழாத் தீயும் நாம் நிற்கும் இடமும்

புரட்டாசி பிறந்தது முதல் தை முடியும் வரை நம் நாட்டில் விழாக்களுக்குக் குறைவில்லை. நவராத்திரி, தசரா, தீபாவளி, திருக்கார்த்திகை, போகி, பொங்கல் என ஒன்றன்பின் ஒன்றாய் வரும் இவற்றுள் தீயைத் துணைக்கொள்ளாத விழா எதுவும் இல்லை என்றே கூறலாம். கார்த்திகை விளக்கீடு சங்க நூல்களிலேயே பேசப்படுகின்றது. வடநாட்டார்க்கு ஹோலித் தீயும், தசராவில் எரியும் இராவணன் உருவமும், பஞ்சாபியர்க்கு லோரித் தீ, நமக்குச் சொக்கப்பனை. பல மொழியினரும் கலந்து வாழும் நாகபுரி போன்ற ஊரில், ரயில்வே காலனியில் குடியிருக்கும் நம்மவர்க்கு இவை அனைத்தையும் ஓராண்டிற்குள் காணும் பேறு வாய்த்திருக்கின்றது. தாயகத்தில் இருந்திருப்பின் இவற்றுள் பாதியைக் கண்டிருக்க மாட்டோம்.

விழா முடிந்த மறுநாள் நாளிதழைப் பிரித்தால் எங்கோ ஓரூரில் நேர்ந்த விபத்துச் செய்தி கண்ணிற் படுவதும் வழக்கமாகிவிட்டது. இத்தகைய நிகழ்ச்சிகளுள் பெரியனவற்றை ஆண்டு வரிசையில் வைத்து ஒப்பு நோக்கினால் ஓருண்மை புலப்படும். பேருயிர்ச்சேதம் விளைந்த இடங்களில் திரியையும் மருந்தையும் மட்டும் பழிப்பது பொருந்தாது. தலைக்கு மேல் இருந்த கூரை, பூட்டிக் கிடந்த கதவு, காலடியில் கிடந்த தண்டவாளம் ஆகியவையே அந்தத் தீயைப் பெருந்தீங்காக்கின. எரிவது எது என்பதோடு, எரியும்போது மக்கள் எங்கே நின்றனர் என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். இக்கண் கொண்டே விழாத் தீயின் வரலாற்றை இங்கே சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

வாணவேடிக்கை நம் நாட்டில் என்று தொடங்கிற்று என்பதைத் தேடித் தொகுத்தவர் புனே பண்டார்க்கர் ஆராய்ச்சிக் கழகத்தின் காப்பாளராய் இருந்த பி. கே. கோடே அவர்கள். 1400ஆம் ஆண்டு முதல் 1900 வரையிலான சான்றுகளை அவர் வரிசைப்படுத்தியிருக்கின்றார். அவற்றுள் நமக்கு மிகவும் சுவையானது பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கின் குறிப்பு. 1443ஆம் ஆண்டில், இரண்டாம் தேவராயர் ஆண்ட காலத்தில், அவர் விசயநகரத்தில் தங்கி மகாநவமி விழாவைக் கண்டார். விரிந்த வெளியொன்றில் அழகிய மண்டபங்கள் பல எழுப்பப்பட்டிருந்தனவென்றும், அங்கே காட்டப்பெற்ற வாணவகைகளை விரித்துரைக்கப் புகின் அளவில்லாது நீளும் என்றும் அவர் எழுதிவைத்துள்ளார். அவர்க்கு ஏறத்தாழ அறுபதாண்டு பின்னர் வந்த இத்தாலியர் வார்த்தேமா, இந்நாட்டார் வாணம் செய்வதில் வல்லவர் என்றும், யானைகள் அத்தீயைக் கண்டு பெரிதும் அஞ்சும் என்றும் குறித்தார்.

விரிந்த வெளி என்னும் சொல்லை அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகின்றோம். நம் சொக்கப்பனையும் அவ்வாறே. பனைமரத் தண்டை நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த ஓலைகளைக் கட்டி, கோயிலுக்கு எதிரே திறந்த இடத்தில் கொளுத்துவர். மக்கள் விலகி வட்டமாய் நிற்பர். தீ மேலே எழுந்தாலும் அதன்மேல் வானம் ஒன்றே உளது. பழைய முறைகளில் எல்லாமே அறிவுடைமை என்று நாம் வாதிட வரவில்லை. ஆயினும் பெருந்தீக்குப் பெருவெளி வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

பின்னர் நிகழ்ந்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, மருந்து மாறிற்று. பழைய கருமருந்து என்பது வெடியுப்பு முக்காற்பங்கும், கரியும் கந்தகமும் சேர்ந்து எஞ்சிய காற்பங்கும் கொண்டது. வெடியுப்புக்குப் பீகார் நாடு பேர்பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியார் அதனைக் கப்பல் கப்பலாய் ஏற்றிச் சென்றனர். கருமருந்து ஓரளவு நிதானமுடையது. பின்னாளில் வந்த பொட்டாசியம் குளோரேட்டைக் கந்தகத்தோடு சேர்த்தாலோ, உரசினாலும் தட்டினாலும் வெடிக்கும் பொல்லாத கலவையாகும். குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளைச் செய்வதையும் வைத்திருப்பதையும் இறக்குமதி செய்வதையும் மத்திய அரசு 1992ஆம் ஆண்டில் தடை செய்தது. எங்கேனும் குடிசையில் கள்ளத்தனமாய்ச் செய்த வெடி விலை மலிவாய்க் கிடைக்கின்றதென்று எவரேனும் கூறினால், அம்மலிவின் காரணம் இதுவாகவும் இருக்கலாம் என்று அறிக.

மற்றொன்று, விழா வெளியினின்று கொட்டகைக்குள் புகுந்தது. இதன் விளைவைத்தான் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டும்.

1952ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், மகரவிளக்குக் காலத்தில், சபரிமலையில் வெடிமருந்து தீப்பற்றி வெடித்ததில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1997 சூன் 7ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைக் கீற்றுப் பந்தல் தீப்பற்றி, தீயிலும் நெரிசலிலுமாக நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004 சனவரி 23இல் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்து மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை எரிந்தபோது ஐம்பதுக்கு மேற்பட்டோர் மறைந்தனர். மணமகனும் அவர்களுள் ஒருவர். இறங்கி ஓடக் குறுகிய படிக்கட்டே இருந்தது. கல்லாற் கட்டிய பெரிய கோயில் ஆயிரம் ஆண்டாய் நிற்கின்றது. அதனுள் சில நாட்களுக்கென்று போட்ட கீற்றுப் பந்தலே உயிர்களைக் கொண்டது என்பதை நினைக்க நெஞ்சு பதைக்கின்றது.

நம் ஆண்டு விழா மலரைப் படிப்போர் தவறாது அறியவேண்டிய நிகழ்ச்சி இன்னொன்று உண்டு. அரியானா மாநிலத்தில் டப்வாலி என்னும் சிற்றூர். 1995 திசம்பர் 23ஆம் நாள் அங்கே ஒரு பள்ளியின் ஆண்டு விழா, கலியாண மண்டபமொன்றில் ஷாமியானாப் பந்தலின் கீழ் நடைபெற்றுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மேடையில், பெற்றோர் கீழே. அன்று அங்கே எவரும் வெடி வெடிக்கவில்லை. மின்கம்பியில் எழுந்த பொறி ஒன்றே. பந்தலின் துணி செயற்கை நூலால் ஆனது. அது எரியும்போது உருகிக் கீழிருப்போர்மேல் சொட்டிற்று. வெளியேற வழி ஒன்றே. சில நிமிடங்களில் அனைத்தும் முடிந்தது. மாண்டவர் நானூறுக்கு மேற்பட்டோர். அவர்களுள் பாதிக்கு மேல் குழந்தைகள். பாட்டும் கூத்தும் பரிசளிப்பும் கொண்ட, நம்முடையதைப் போன்றதொரு விழாதான் அது. மேடை அலங்காரத்திற்கு எத்தனை முழம் பட்டுத்துணி என்று நம் விழாக் குழுவினர் கணக்கிடும்போது, எத்தனை வாயில் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுதல் தகும்.

பந்தல்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு விதித்துள்ள நெறிகள் உண்டு. கூரை 3 மீட்டருக்குத் தாழ்வாய் இருத்தல் ஆகாது. செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடா. மின்கம்பியின் கீழ்ப் பந்தல் போடலாகாது. உள்ளே எங்கு அமர்ந்திருப்பவரும் 15 மீட்டருக்குள் ஒரு வாயிலை அடைய வேண்டும். ரயில் பாதையினின்று 15 மீட்டரேனும் தள்ளியிருத்தல் வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. ரயிலடியிலேயே வாழும் நமக்கு இது சிறியதொரு விதியாய்த் தோன்றலாம். அமிருதசரசு நிகழ்ச்சியை அறிந்தவர் அவ்வாறு எண்ணார்.

2018 அக்டோபர் 19, விசயதசமி நாள் மாலை. அமிருதசரசில் ஜோடா பாட்டக் என்னும் லெவல் கிராசிங் அருகேயுள்ள திடலில் இராவணன் உருவம் எரிக்கப்பட்டது. திடல் நிரம்பியமையால் மக்கள் அடுத்திருந்த இருப்புப் பாதையின்மேல் ஏறி நின்று கண்டனர். உருவத்தினுள் வைத்த வெடிகள் வெடித்த ஓசையில் வண்டியின் ஊதல் எவர் செவியிலும் ஏறவில்லை. ஜலந்தரிலிருந்து வந்த பயணி வண்டி சில நொடிகளில் கடந்து சென்றது. ஏறத்தாழ அறுபது பேர் உயிர் துறந்தனர். அன்று தீ ஒருவரையும் சுட்டதில்லை. ஓடும் வண்டியை நிறுத்த எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள்கூட அறிவர். ஆனால் வேடிக்கையின் மயக்கத்தில் தண்டவாளமும் ஒரு திண்ணையாகிவிடுகின்றது. இருப்புப் பாதையில் அத்துமீறி நிற்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றமாகும். காலனியில் இருந்துகொண்டு, மறுபக்கத்து மைதானத்து இராமலீலையைக் காணக் குறுக்கு வழியாய்ப் பாதையைக் கடப்போர்க்கு இதனைச் சொல்லவே வேண்டியிருக்கின்றது.

வெடிமருந்தைச் சேமித்த இடத்தின் அருகே நிற்பது இன்னொரு வகை. 2016 ஏப்ரல் 10ஆம் நாள் விடியற்காலைக்கு முன்பு, கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் இரு குழுவினர் போட்டியிட்டு வாணம் விட்டனர். மாவட்ட நிர்வாகம் இசைவு மறுத்திருந்தும் நடந்த போட்டி அது. தீப்பொறி ஒன்று, மருந்து குவித்திருந்த கட்டடத்தில் விழுந்தது; அக்கட்டடமே சிதறிக் கல்லும் காரையும் கூட்டத்தின்மேல் பாய்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2012 செப்டம்பர் 5இல் சிவகாசிக்கருகில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை தீப்பற்றியபோதும் மாண்டோருள் பலர் தொழிலாளர் அல்லர். உதவவும் பார்க்கவும் சுற்றூர்களிலிருந்து ஓடி வந்தவரே அவர்கள்.

சிவகாசியின் பெயர் வந்தமையால் ஒன்று கூறிச் செல்வோம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். பிழைப்பும் தொழிலும் தேடி வடக்கே வந்த தமிழர்களுள் அவர்களும் ஒருவகையில் நம் முன்னோடிகளே. கற்றதும் ஊர் திரும்பிவிட்டனர் என்பதே வேறுபாடு! முதலில் தீப்பெட்டி, பின்னர் மத்தாப்பு, அதன் பின்னர் 1940களில் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் என அவ்வூர் வளர்ந்தது. இன்று நாட்டின் எந்தப் பகுதியில் தீபாவளி கொண்டாடினாலும் அந்தப் பெட்டியின்மீது பெரும்பாலும் சிவகாசி என்றே அச்சிட்டிருக்கும். அதனைக் காணும்போது நமக்கு ஊர்ப் பெருமை தோன்றுவது இயல்பே. அப்பெட்டியை அடைத்த கைகள் எத்தகைய இடரில் உழைத்தன என்பதும் உடன் தோன்றுதல் வேண்டும்.

சட்டத்தின் வரலாற்றிற்கு வருவோம். வெடிபொருட் சட்டம் 1884ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1898இல் அதற்கென ஒரு தலைமைக் கண்காணிப்பாளர் அமர்த்தப்பட்டார். அவ்வலுவலகத்தின் இன்றைய வாரிசாகிய அமைப்பின் தலைமையிடம் நம் நாகபுரியே. நாட்டில் எந்த மூலையில் பட்டாசு ஆலை எழுந்தாலும் அதன் விதிகள் இந்நகரத்துக் கோப்புகளைக் கடந்தே செல்கின்றன. 2008ஆம் ஆண்டு விதிகளில் விழாக்காலத் தற்காலிகக் கடைகளைப் பற்றிய பகுதியைப் படித்தால், நாம் மேலே கூறியவை அனைத்தும் சட்ட மொழியில் இருக்கக் காணலாம். கடை எரியாத பொருளால் ஆனதாயிருத்தல் வேண்டும். கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். குடியிருப்பு முதலியவற்றினின்று 50 மீட்டர் தள்ளியிருத்தல் வேண்டும். கடைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கலாகாது. எண்ணெய் விளக்கு கூடாது. 50 மீட்டருக்குள் வெடிக்கலாகாது. ஓரிடத்தில் 50 கடைக்கு மேல் கூடா. இவ்விதிகளில் பெரும்பாலானவை தொலைவைப் பற்றியவையே என்பதை நோக்குக. வாங்கும் கடைக்கு எதிரிலேயே ஒன்றைக் கொளுத்திச் சோதித்துப் பார்க்கும் நம் இளைஞர் இதனை அறிதல் நன்று.

ஓசைக்கும் வரம்பு உண்டு. வெடிக்கும் இடத்தினின்று 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெலுக்கு மேற்படலாகாது என 1999இல் விதி வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 வரை வெடித்தலாகாது என உச்சநீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் தீர்ப்பில் தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரை எனக் குறுக்கி, சரவெடியையும் பேரியம் உப்பையும் விலக்கி, புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கே இடமளித்தது. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடிக்கும் நம் வழக்கத்தை எடுத்துக் கூறித் தமிழக அரசு முறையிடவே, நேரத்தைப் பிரித்துக்கொள்ள இசைவு கிடைத்தது. அங்கே காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என வகுத்தனர். அப்பசுமைப் பட்டாசை உருவாக்கிய சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமும் நாகபுரியிலேயே உள்ளது. பசுமை என்பது புகையைப் பற்றியதேயன்றிச் சூட்டைப் பற்றியதன்று. கை வைத்தால் அதுவும் சுடும்.

இனி நம் துறையைச் சார்ந்த ஒன்று. விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் ஜி.டி. எக்ஸ்பிரசிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரசிலும் வந்திறங்கும்போது, அதிரசத் தூக்கின் அடியிலும் வேட்டி மடிப்பினுள்ளும் சில பெட்டிகள் பயணம் செய்வதைப் பலரும் அறிவர். விலை குறைவு என்பது காரணம். ரயில்வேயில் அபாயச் சரக்குகளுக்கெனத் தனியே ஒரு புத்தகம் உண்டு. சிவப்பு டாரிஃப் என்பது அதன் பெயர். அதில் முதல் வகுப்பாய் நிற்பது வெடிபொருள். எந்த வண்டியில், எவ்வாறு மூட்டை கட்டி, எந்தப் பொருளோடு சேராமல் ஏற்றுவது என்று பக்கம் பக்கமாய் எழுதியிருக்கும். சரக்கு வண்டிக்கே இத்தனை காவலெனின், எழுபதுக்கு மேற்பட்டோர் உறங்கும் படுக்கைப் பெட்டியில், ஒருவர் பீடி பற்றவைக்க, மற்றொருவர் செல்பேசிக்கு மின்னூட்ட, இருக்கையின் அடியில் ஆயிரம்வாலா இருப்பது எத்தகையது? 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 164ஆம் பிரிவு இதற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என விதிக்கின்றது. 2023 ஆகஸ்டு 26ஆம் நாள் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியொன்றில், ஒளித்துக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பேர் கருகினர். லக்னோவிலிருந்து இராமேசுவரம் கருதிப் புறப்பட்ட யாத்திரிகர் அவர்கள். தண்டனையைவிட இந்நிகழ்ச்சியே நம் தாய்மார்களுக்குத் தடையாய் இருக்கும் என்று நம்புகின்றோம்.

பொங்கலை ஒட்டி இங்கே மராத்தியர் சங்கராந்தியில் காற்றாடி விடுகின்றனர். நம் பிள்ளைகளும் உடன் விடுகின்றனர், நல்லதே. நைலான் மாஞ்சா நூல் மட்டும் வேண்டா; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் அதனைத் தடை செய்தபின்னும், இருசக்கர வண்டியிற் செல்வோர் கழுத்தை அது அறுக்கும் செய்தி ஓய்ந்தபாடில்லை. இருப்புப் பாதையின் மேலுள்ள கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் மின்சாரம். அதில் சிக்கிய காற்றாடியைக் கழியால் எடுக்க முயல்வது உயிரைக் கொடுத்துக் காகிதம் வாங்குவதாகும். தஞ்சையை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27இல் தேர் உயரழுத்தக் கம்பியில் உரச, பதினொருவர் மாண்டதும் மறத்தற்கரியது.

புதிதாய் வந்த தீங்கு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2025 தீபாவளியின்போது போபாலிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் நூற்றுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர், கண்ணிற் காயமுற்று மருத்துவமனை சேர்ந்தனர். பிளாஸ்டிக் குழாயில் கார்பைடுக் கல்லையும் நீரையும் இட்டுப் பற்றவைக்கும் துப்பாக்கியே காரணம். கல்லும் நீரும் சேர அசிட்டிலீன் என்னும் வாயு பிறக்கின்றது. அது எப்போது வெடிக்கும் என்பது எவர் கையிலும் இல்லை. வெடிக்கவில்லையே என்று குழாயின் வாயிற் கண் வைத்துப் பார்க்கும்போது வெடிக்கின்றது. புஸ்வாணம் அணைந்ததென்று குனிவதும் இதே வகை.

வீட்டில் எவர்க்கேனும் சுட்டுவிடின், மை ஊற்றுவதும், மாவு அப்புவதும், பற்பசை தடவுவதும் வேண்டா. குழாயைத் திறந்து ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடிக்கவும். பனிக்கட்டி ஆகாது. தோலில் ஒட்டிய துணியை இழுக்காமல், சுற்றிலும் வெட்டிவிட்டு, தூய வெள்ளைத் துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் உடனே கண் மருத்துவரிடம் செல்லவும். நைலான் புடவை உருகி ஒட்டும். அன்று ஒருநாள் பருத்தி உடுத்துவதில் அழகு குறைந்துவிடாது.

இவ்வாண்டு தீபாவளிக்கு நம் சங்கத்தின் வாணவேடிக்கை குடியிருப்பு வரிசைகளுக்கு இடையே இராது. கால்பந்துத் திடலில் நடைபெறும். வெடிப்போர் நடுவிலும் பார்ப்போர் கோட்டிற்கு வெளியிலும் நிற்பர். பாதைப் பக்கத்து வேலியருகே இளைஞர் நால்வர் நின்று எவரையும் அப்புறம் விடார். மணல் வாளிகளும் நீர்த் தொட்டிகளும் மேற்குக் கோடியில் இருக்கும். ஆண்டு விழாப் பந்தலுக்கு மூன்று பக்கமும் வாயில் வைக்கப்பட்டுள்ளது. அவ்வாயில்களில் நாற்காலி போட்டு அமர வேண்டாமென்று முதியோர் உட்பட அனைவரையும் கேட்டுக்கொள்கின்றோம்.